சோயா சாஸும் இட்லிப் பானையும்

எங்கள் திருத்தணியில் இப்போது சோயா சாஸ் பாட்டில் இல்லாத வீடு குறைவு. ஆனால் அந்தப் பாட்டில் எப்போது கையில் எடுக்கப்படுகிறது? பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டு, "வீட்லயே ஃப்ரைட் ரைஸ் பண்ணும்மா" என்று அவர்கள் அடம் பிடிக்கும்போதுதான். அன்றைக்கு இரண்டு கரண்டி ஊற்றியதோடு சரி. பிறகு அது அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விடும். மூடியைச் சுற்றி உப்புப் பூத்து, திறக்க முடியாமல் இறுகி, போகிக்கு அலமாரியைக் காலி செய்யும்போது மறுபடி கண்ணில் படும்.

எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. கத்தரிக்காய்க்கும் பரங்கிக்காய்க்கும் முட்டைக்கும், காய்ச்சல்காரருக்கு வைக்கிற கஞ்சிக்கும்கூட உதவக்கூடிய ஒரு பொருளை ஒரே ஒரு பண்டத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். சோயா சாஸை உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வையுங்கள். அது உப்பு. வாசனையும் ருசியின் ஆழமும் சேர்ந்த உப்பு. எந்தப் பதார்த்தத்துக்கு உப்புப் போடக் கை நீள்கிறதோ, அங்கே ஒருமுறை யோசித்துப் பாருங்கள்: இதற்கு உப்புக்குப் பதில் இரண்டு டீஸ்பூன் சாஸ் விட்டால் எப்படி இருக்கும்? பாதிக்குப் பாதி விடை 'நன்றாக இருக்கும்' என்றுதான் வரும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரத்த அழுத்தம் இருக்கிறவர்கள் இல்லாத வீடு இல்லை. ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி, சாதாரண சோயா சாஸில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உப்பாகச் சொன்னால் இரண்டு கிராமுக்குச் சற்று மேல். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே வழக்கம்போல உப்பையும் போட்டுவிட்டு, மேலே நிறத்துக்காக சாஸையும் ஊற்றினால் கணக்கு எங்கோ போய்விடும். சாஸ் விடுகிற அன்று உப்பைத் தொடாதீர்கள். கடைசியில் ருசி பார்த்து, போதவில்லை என்றால் ஒரு சிட்டிகை சேர்த்துக்கொள்ளலாம். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் எளிது.

சாயங்காலம் ஆனால் எங்கள் ஊர்ச் சாலையோரங்களில் ஃபாஸ்ட் ஃபுட் வண்டிகள் அடுப்பு மூட்டிவிடும். எக் ரைஸ், சிக்கன் ரைஸ், நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன். அந்த மாஸ்டர்களின் கைவேகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். இரும்புச் சட்டியில் எண்ணெய் புகைகிற கட்டத்தில் முட்டையை உடைத்து ஊற்றி, அது பொரிந்து எழும்பும்போதே சாதத்தைக் கொட்டி, கரண்டி முனையால் சாஸை எடுத்துச் சட்டியின் ஓரத்தில் விடுவார்கள். சாதத்தின் மேல் விடமாட்டார்கள், கவனியுங்கள். காய்ந்த இரும்பில் பட்டதும் சாஸ் சீறிப் பொங்கி, அதில் இருக்கும் சர்க்கரையும் புரதச் சத்தும் ஒரு நொடி கருகும் எல்லைக்குப் போய்த் திரும்பும். வண்டிக்கடை வாசனை என்று நாம் சொல்வதில் பாதி அதுதான். வீட்டு கேஸ் அடுப்பில் அந்தச் சூடு வராது. ஆனால் இரண்டு பேருக்கு மேல் ஒரே தடவையில் வறுக்காமல், இரும்புச் சட்டியை நன்றாகக் காயவிட்டு, சாஸை ஓரத்தில் விட்டால் முக்கால்வாசி தூரம் போய்விடலாம்.

வீட்டில் செய்வதில் இன்னொரு நிம்மதியும் இருக்கிறது. சிவப்பு நிறம் தேவையில்லை. கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறமிகளைச் சேர்க்கக் கூடாது என்று 2024 மார்ச்சில் கர்நாடக அரசு தடை போட்டது நினைவிருக்கும். அதற்கு முந்தைய மாதம்தான் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது. காலிஃபிளவருக்கு மிளகாய்த்தூளும் சோயா சாஸும் தருகிற நிறமே போதும். அது மரப்பட்டை நிறமாக இருக்கும். இருக்கட்டும்.

மஞ்சூரியன் என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். அந்தப் பெயரில் ஒரு பண்டம் மஞ்சூரியாவில் கிடையாது. கல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையல்காரர் நெல்சன் வாங், 1975இல் பம்பாய் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் வேலை செய்துகொண்டிருந்தபோது, புதிதாக ஏதாவது செய்து தரச் சொன்ன வாடிக்கையாளருக்காகச் செய்தது அது. இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் என்று நம் தாளிப்பில் தொடங்கி, கரம் மசாலா போட வேண்டிய இடத்தில் சோயா சாஸும் சோள மாவும் சேர்த்தார். கல்கத்தாவின் டாங்க்ராவில் தோல் பதனிட்டுப் பிழைத்த ஹக்கா சீனர்கள் அதற்கு முன்பே தங்கள் சமையலை வங்காள நாக்குக்கு ஏற்ப மாற்றியிருந்தார்கள். 1950களிலேயே அந்த நகரத்தில் சீனக் குடும்பங்கள் சாஸ் தயாரித்து விற்கத் தொடங்கிவிட்டன. 1962 போருக்குப் பிறகு இந்தியச் சீனர்களில் ஆயிரக்கணக்கானோரைப் பிடித்து ராஜஸ்தானின் தேவலி முகாமில் அடைத்தார்கள். இந்தக் குடிமக்கள் அத்தனையையும் தாங்கிக்கொண்டு நமக்குக் கொடுத்த ருசிதான் இன்று நாம் சாப்பிடும் 'சைனீஸ்'.

நம் மாவட்டத்துக்குச் சோயா சாஸோடு ஒரு பழைய தொடர்பும் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காட்டில் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக் கம்பெனிதான், 1641 முதல் ஜப்பானின் தெஜிமா தீவில் கடை போட்டிருந்தது. ஜப்பான் சோயா சாஸைப் பீப்பாய்களில் ஏற்றி, இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்கும் அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் கொண்டுபோனது அந்தக் கம்பெனியின் கப்பல்கள். பழவேற்காட்டுக் கல்லறைகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தப் பீப்பாய்களின் நினைவும் வரும்.

சரி, பாட்டிலுக்கு வருவோம். கடையில் எதை வாங்குவது?

முறையாகச் செய்த சோயா சாஸ் என்பது புளிக்கவைத்த பொருள். சோயா மொச்சையை ஆவியில் வேகவைத்து, வறுத்து உடைத்த கோதுமையோடு கலந்து, ஒருவகைப் பூஞ்சையை அதில் வளரவிடுவார்கள். இரண்டு மூன்று நாளில் அது பரவியதும் உப்புத் தண்ணீரில் போட்டு மாதக்கணக்கில் ஊறவிட்டுப் பிழிவார்கள். ஆறு மாதம் சாதாரணம், இரண்டு வருடம் ஊறுவதும் உண்டு. அந்தக் காலத்தில் புரதம் உடைந்து குளுட்டாமேட் உண்டாகிறது. கடற்பாசிச் சாற்றின் ருசிக்குக் காரணம் இந்த குளுட்டாமேட்தான் என்று 1908இல் கண்டுபிடித்தவர் ஜப்பானியப் பேராசிரியர் கிகுனே இகேடா. பழுத்த தக்காளியிலும் காளானிலும் கருவாட்டிலும் இருப்பது அதே ருசி. கருவாட்டுக் குழம்பு கொதித்தால் தெருவே திரும்பிப் பார்ப்பது சும்மா இல்லை.

இன்னொரு வகை, எண்ணெய் எடுத்த சோயாப் புண்ணாக்கை அமிலத்தில் காய்ச்சிப் புரதத்தைச் சில நாட்களிலேயே உடைத்து, கேரமல் நிறமும் சர்க்கரையும் சேர்த்துச் செய்வது. விலை குறைவு. உப்புத் தூக்கலாக இருக்கும், ஊறிய வாசனை இருக்காது. வித்தியாசம் லேபிளிலேயே தெரிந்துவிடும். சேர்மானத்தில் சோயா, கோதுமை, உப்பு, தண்ணீர் என்று முன்னால் இருந்தால் நல்லது. 'ஹைட்ரலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன்' என்றும் ஐ.என்.எஸ். 150 வகை நிறமி என்றும் இருந்தால் அது இரண்டாம் வகை. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் இருந்தால் இந்த லேபிளைக் கட்டாயம் படியுங்கள். பெயரில் சோயா மட்டும் இருந்தாலும் உள்ளே கோதுமை இருக்கலாம். என் யோசனை: பெரிய பாட்டில் மலிவானதாக வாங்காமல் சின்ன பாட்டில் நல்லதாக வாங்குங்கள். ஒரு தடவைக்குக் கொஞ்சம்தான் செலவாகப் போகிறது.

இனி சமையல். முதலில் இட்லிப் பானை, ஏனென்றால் கிழக்காசியச் சமையலில் பாதி ஆவியில் வேகிறது. ஆவியில் வேகவைக்க நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்?

இரண்டு முட்டையை உடைத்து ஊற்றுங்கள். அந்த முட்டை எவ்வளவு இருக்கிறதோ அதைப்போல இரண்டு பங்கு வெதுவெதுப்பான தண்ணீர். கொதித்து ஆறிய தண்ணீராக இருந்தால் நல்லது. நுரை எழும்பாமல் மெதுவாகக் கலக்கி, வடிகட்டியில் வடித்து ஒரு கிண்ணத்தில் ஊற்றுங்கள். கிண்ணத்தின் மேல் ஒரு தட்டு மூடவேண்டும், இல்லாவிட்டால் ஆவித் தண்ணீர் சொட்டி மேல்பக்கம் பள்ளம் பள்ளமாகிவிடும். இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்ததும் கிண்ணத்தை வைத்து, தீயை நன்றாகக் குறைத்துவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஆட்டிப் பார்த்தால் நடுவில் லேசாக அசையவேண்டும். தீ அதிகமானால் உள்ளே ஓட்டை விழுந்து கடினமாகிவிடும். மேலே ஒரு டீஸ்பூன் சோயா சாஸ், அரை டீஸ்பூன் நல்லெண்ணெய், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள். அவ்வளவுதான். சீன வீடுகளில் குழந்தைகளுக்கும் வயசானவர்களுக்கும் இதைத்தான் செய்து கொடுக்கிறார்கள். ஜப்பானில் இதன் உறவுக்காரப் பண்டத்துக்கு சவான்முஷி என்று பெயர். பல் இல்லாத எங்கள் அத்தை முதல் தடவை கரண்டியால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னம்மா இது, முட்டைன்னு சொன்ன, மெல்லவே வேணாம்போல இருக்கே?"

"ஆமாங்கத்தை. உப்புப் போடல, மேல விட்டிருக்கற கறுப்புத் தண்ணிதான் உப்பு."

"நல்லாத்தான் இருக்கு. ராத்திரிக்கு எனக்கு இதே போதும்."

அதே இட்லிப் பானையில் கத்தரிக்காய். கால் கிலோ, நீளக் கத்தரியாக இருந்தால் வசதி. ம.பொ.சி. சாலை மார்க்கெட்டில் காலையில் வருகிற பிஞ்சுக் காயாகப் பாருங்கள். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து ஆவியில் பத்து நிமிடம் வேகவையுங்கள். ஆறியதும் கையாலேயே நார் நாராகக் கிழித்து, தேங்கியிருக்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். கத்தியால் நறுக்குவதைவிடக் கிழித்தால் சாஸ் நன்றாகப் பிடிக்கும். ஒரு கிண்ணத்தில் ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் அளவில் பாதி வெல்லம், நசுக்கிய பூண்டு இரண்டு பல். இதைக் கத்தரிக்காய் மேல் ஊற்றி, இரண்டு கரண்டி எண்ணெயில் இரண்டு காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டுப் பொரித்துச் சூடாகக் கொட்டுங்கள். பூண்டு அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும்.

எள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. சீன, கொரியச் சமையலில் கடைசியாக விடும் எள் எண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது, கறுஞ்சிவப்பாக இருக்கும். நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் வருவது. இரண்டும் ஒன்றல்ல. அதற்காக விலை கொடுத்து வெளிநாட்டு பாட்டில் வாங்கவேண்டாம். வெள்ளை எள்ளை வெறும் சட்டியில் பொன்னிறமாக வறுத்து, உரலில் ஒரு தட்டுத் தட்டி மேலே தூவுங்கள். நல்லெண்ணெயும் இந்தப் பொடியும் சேர்ந்தால் அந்த வாசனை கிட்டத்தட்ட வந்துவிடும்.

கோயில் ஊர் என்பதால் இந்தக் கேள்வி வரும்: கிருத்திகையன்று என்ன செய்வது? இங்கே பல வீடுகளில் கிருத்திகைக்கு வெங்காயம், பூண்டு சேர்க்கமாட்டார்கள். ஆடிக் கிருத்திகை சமயத்தில் காவடி எடுக்கிறவர்கள் வீட்டில் விரத நாள் முழுக்க அப்படித்தான். சோயா சாஸ் என்றாலே பூண்டு வதக்குவதில்தான் தொடங்கவேண்டும் என்று நினைத்து அந்த நாட்களில் பாட்டிலை ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் சீனாவில் பௌத்த மடங்களின் சமையலில் வெங்காயமும் பூண்டும் விலக்கு. ஜப்பானிய மடங்களின் ஷோஜின் சமையலும் அப்படியே. மாமிசமும் இல்லை, பூண்டும் இல்லை என்னும்போது அந்தத் துறவிகளுக்கு ருசிக்குத் துணையாக நின்றது சோயா சாஸும் காளானும்தான். கோயில் ஊர்ச் சமையலுக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு எனக்குத் தெரியவில்லை. பெரியவர்கள் விரத நாளில் கடைப் பாட்டில் எதுவும் வேண்டாம் என்றால் அது அவர்கள் நியமம், அதற்குக் குறுக்கே நிற்கவேண்டாம். மறுநாள் செய்துகொள்ளலாம்.

அப்படிப் பூண்டு வெங்காயம் இல்லாமல் செய்வதில் எனக்கு மிகப் பிடித்தது பரங்கிக்காய். ஜப்பானியர்கள் டிசம்பர் 21, 22 வாக்கில் வருகிற குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலன்று பரங்கிக்காய் சாப்பிடுவதை வழக்கமாக வைத்திருக்கிறார்கள். நமக்கு அது மார்கழி. வாசலில் கோலத்தின் நடுவே பரங்கிப் பூ வைக்கிற மாதம். அவர்கள் செய்முறை இதுதான். தோல் சீவாமல் பெரிய பெரிய துண்டாக நறுக்கிய மஞ்சள் பரங்கி கால் கிலோ. தோல் பக்கம் கீழே இருக்குமாறு அகலமான பாத்திரத்தில் ஒரே அடுக்காக அடுக்கி, முக்கால் மூழ்குமளவு தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி வெல்லத்தூள். ஐந்து நிமிடம் கொதித்ததும் ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு துண்டு இஞ்சி. மூடி வைத்து மெல்லிய தீயில் வேகவிடுங்கள். கிளறாதீர்கள், உடைந்துவிடும். தண்ணீர் வற்றிச் சாறு பாகுபோல ஒட்டும்போது இறக்கிவிடவேண்டும். இனிப்பை முதலிலும் சாஸைப் பிறகும் சேர்ப்பது அவர்கள் முறை. இனிப்பு உள்ளே போக நேரம் எடுக்கும் என்பதும், சாஸின் வாசனை அதிகம் கொதித்தால் போய்விடும் என்பதும் அவர்கள் சொல்லும் காரணம். ரசம் சாதத்துக்கு இது அத்தனை பாந்தமாக இருக்கும்.

ஃப்ரைட் ரைஸைச் சுருக்கமாகவே சொல்கிறேன், எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடைகளில் பாஸ்மதி போடுகிறார்கள் என்று நாமும் தேடவேண்டாம். நம் வீட்டுப் பொன்னிப் புழுங்கலரிசிச் சோறு மீந்தால் அதுவே நன்றாக உதிரும். ராத்திரிச் சோற்றை வெளியே விட்டுவைக்காமல் தட்டில் பரப்பி ஆறவைத்து, மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெளியே கிடந்த சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. மறுநாள் கையை நனைத்துக்கொண்டு கட்டிகளை உதிர்த்து, இரண்டு பேருக்கு மூன்று கப் சோற்றுக்கு நாலு டீஸ்பூன் சோயா சாஸ், கடைசியில், சட்டி ஓரத்தில். மிளகைப் புதிதாகத் தட்டிப் போடுங்கள். பீன்ஸும் கோஸும் பச்சை வாசனை மாறினால் போதும், குழையக் கூடாது.

கஞ்சியும் அப்படித்தான். நொய்யரிசிக் கஞ்சியில் இஞ்சியை மெல்லிசாக நறுக்கிப் போட்டு, உப்புக்குப் பதில் ஒன்றரை டீஸ்பூன் சாஸ் விட்டுப் பாருங்கள். காய்ச்சலில் வாய்க்கசப்போடு இருக்கிறவர்கள்கூட இன்னொரு கரண்டி கேட்பார்கள்.

இனி மலேசியாவுக்குப் போவோம். தமிழர்கள் சோயா சாஸை முழுக்கத் தங்கள் அன்றாடச் சரக்காக்கிக்கொண்ட இடம் அதுதான். வட ஆற்காடு, சேலம், திருச்சிச் சீமைகளிலிருந்து ரப்பர்த் தோட்டங்களுக்குப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதைக் கிச்சாப்பு என்கிறார்கள். அவசரத்துக்குச் சுடுசோறு, பொரித்த முட்டை, மேலே நாலு சொட்டுக் கிச்சாப்பு. ஒரு குழந்தையின் மதியச் சாப்பாடு முடிந்துவிட்டது. நான் சொல்கிற 'உப்பு ஜாடிக்குப் பக்கத்து இடம்' அங்கே அதற்கு எப்போதோ கிடைத்துவிட்டது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தமிழ் முஸ்லிம்கள் போடுகிற மீ கோரெங்கில், சீனருடைய மஞ்சள் நூடுல்ஸும் மலாய்க்காரருடைய மிளகாய் விழுதும் நம்மவர் கைப்பக்குவமும் ஒரே சட்டியில் சேர்ந்திருக்கும்.

அங்கே கறிக்கு இனிப்புக் கிச்சாப்பு என்று ஒன்று போடுகிறார்கள். கெட்டியாக, கறுப்பாக இருக்கும். இந்தோனேசியாவில் அதற்குப் பனை, தென்னை வகை மரங்களிலிருந்து எடுத்த வெல்லத்தைச் சேர்க்கிறார்கள். நமக்கோ கருப்பட்டி இருக்கிறது! நூறு கிராம் கருப்பட்டியைத் தட்டி, கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போகத் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். இந்த வடிகட்டலை விட்டுவிடாதீர்கள். அதில் 100 மில்லி சோயா சாஸ், ஒரு அன்னாசிப்பூ, நசுக்கிய இஞ்சித் துண்டு. மெல்லிய தீயில் பத்து நிமிடம் காய்ச்சினால் போதும். சூட்டில் தண்ணீராகத் தெரிந்தாலும் ஆறியதும் கெட்டியாகும். கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் வாரக்கணக்கில் நிற்கும்.

இதில் கோழி. அரை கிலோவுக்கு மஞ்சள்தூளும் மிளகுத்தூளும் பிசறி, கொஞ்சம் எண்ணெயில் மேல்தோல் நிறம் மாறும்வரை வறுத்து எடுத்து வையுங்கள். அதே எண்ணெயில் பட்டை, கிராம்பு, கறிவேப்பிலை, இரண்டு பெரிய வெங்காயம், தட்டிய இஞ்சி பூண்டு, ஊறவைத்து அரைத்த நாலு காய்ந்த மிளகாய். வெங்காயம் நன்றாகச் சிவந்ததும் கோழி, மூன்று மேசைக்கரண்டி கருப்பட்டிச் சாஸ், ஒரு மேசைக்கரண்டி சாதாரண சோயா சாஸ், அரை டம்ளர் தண்ணீர். மூடி இருபது நிமிடம், பிறகு திறந்து வற்றவிடுங்கள். கோழி வேண்டாம் என்பவர்கள் வேகவைத்த முட்டை, உருளைக்கிழங்கு, மீல் மேக்கர் எது போட்டாலும் பழுதில்லை. சேனைக்கிழங்கைப் பொரித்துப் போட்டுச் செய்ததைச் சாப்பிட்ட பிறகு எங்கள் வீட்டில் கோழிக்குக் கேள்வி குறைந்துவிட்டது.

கிழக்கே கடல் தாண்டிப் போய்விட்டோம், வடக்கே நாலு எட்டு வைத்தால் ஆந்திரா. திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கோடு மாறினாலும் சமையலறைகள் மாறவில்லை. தெலுங்கு பேசும் வீடுகளில் அரைத்து வைத்திருக்கும் வெல்லுல்லிக் காரம் தமிழ் வீடுகளின் தோசைக்கும் வரும். காய்ந்த மிளகாய், பூண்டு, சீரகம், உப்பு, இவை நாலும் சேர்த்து இடித்தது. சோயா சாஸுக்கு இதைவிட நல்ல ஜோடி கிடையாது என்று நான் துணிந்து சொல்வேன்.

சீனாவின் ஷான்சி பகுதியில் நூடுல்ஸ் மேல் மிளகாயும் பூண்டும் குவித்து வைத்து, புகையும் எண்ணெயை அதன் தலையில் ஊற்றுவார்கள். அந்த முறையை நம் காரத்தோடு செய்யலாம். ஒரு அகலமான கிண்ணத்தில் ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு டீஸ்பூன் வினிகர், ஒரு சிட்டிகை வெல்லம். 150 கிராம் கோதுமை நூடுல்ஸை உப்புப் போடாத தண்ணீரில் வேகவைத்து வடித்துச் சூடாகவே அதில் போடுங்கள். மேலே ஒன்றரை டீஸ்பூன் வெல்லுல்லிக் காரம், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள். இரண்டு மேசைக்கரண்டி கடலெண்ணெயை நன்றாகக் காயவைத்து அந்தக் காரத்தின் மேல் ஊற்றுங்கள். சடசடவென்று பொரிந்து, பூண்டு வாசனை பக்கத்து வீடுவரை போகும். முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், காரநெடி ஏறும். நன்றாகக் கிளறி, வறுத்து உடைத்த வேர்க்கடலையைத் தூவிக்கொள்ளுங்கள். காரத்திலும் உப்பு இருக்கிறது என்பதால் சாஸ் ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். இரண்டு பேருக்குப் பத்து நிமிட வேலை.

கடைசியாகப் பாட்டிலைப் பற்றி. திறந்த பிறகு சோயா சாஸை ஃப்ரிட்ஜ் கதவில் வையுங்கள். உப்பு அதிகம் என்பதால் வெளியில் இருந்தாலும் சீக்கிரம் கெடாது. ஆனால் எங்கள் ஊர் வெயிலுக்கு நிறம் இன்னும் கறுத்து, வாசனை மழுங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் பாட்டில் வாயைத் துணியால் துடைத்துவிட்டு மூடினால் உப்புப் பூக்காது. திறந்த தேதியை ஒரு சின்னத் தாளில் எழுதி ஒட்டிவைத்து, மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடப் பாருங்கள். மேலே சொன்னவற்றில் வாரத்துக்கு இரண்டு செய்தால், சின்ன பாட்டில் அதற்கு முன்பே தீர்ந்துவிடும்.